பார்க்கின்சன் நோயும் சேர்ந்து பாடுதலும்

பார்க்கின்சன் நோயாளிகள் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி மூச்சுப் பயிற்சியும் குரல் பயிற்சியும் செய்து, பழகிய பாடல்களைச் சேர்ந்து பாடுவது, கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளில் வேரூன்றிவிட்ட துணைச் சிகிச்சை. இது நோயைக் குணமாக்காது. மாத்திரைக்கு மாற்றும் ஆகாது. தாழ்ந்துகொண்டே போகும் குரலையும் குறுகிவரும் மூச்சையும் முடிந்தவரை காப்பாற்றுவதும், வீட்டுக்குள் ஒடுங்கிப்போகும் மனிதரை நாலு பேரோடு சேர்த்து வைப்பதுமே இதன் நோக்கம். சேர்ந்து பாடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஊர்களில் இதைத் தொடங்குவது எளிது. சென்னைக்குத் தென்மேற்கே அமைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம் அத்தகைய ஓர் இடம். நோய் குரலை என்ன செய்கிறது, பாட்டு அதற்கு எப்படி உதவுகிறது, ஆய்வுகள் எந்த அளவுக்கு இதை உறுதிப்படுத்துகின்றன, இந்த வட்டாரத்தில் இதை எப்படி அமைக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

நோய்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரின் நிலையை விவரித்து ‘நடுக்குவாதம்’ பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பிற்காலத்தில் பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ அந்த நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே வைத்தார். நடுமூளையில் கருந்திட்டாகத் தெரியும் ஒரு பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோயின் அடிப்படை. நடுக்கம், உடல் இறுக்கம், அசைவுகளின் மந்தம், நிலை தடுமாறுதல் ஆகியவை இதன் முதன்மை அறிகுறிகள். ஓய்வில் இருக்கும் கை தானாக உதறுவதைத்தான் வீட்டார் பெரும்பாலும் முதலில் கவனிக்கிறார்கள்.

ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் 1957இல் டோபமைனின் பங்கைக் காட்டினார். 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அங்கு லெவோடோபா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் காட்சியாஸ் அதை வாய்வழி மருந்தாக நிலைநிறுத்தினார். இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் 1937இலேயே பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்து அறிவித்திருந்தனர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று அறிவியல் கண்டுகொள்ள மேலும் கால் நூற்றாண்டு ஆனது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். கடந்த 25 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது. மக்களின் ஆயுள் கூடியது இதற்கு முதன்மைக் காரணம். சூழல் காரணங்களும் உண்டு. பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளோடும், உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்டுவந்த ட்ரைகுளோரோஎதிலீன் என்ற கரைப்பானோடும் இந்நோய்க்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் சுட்டுகின்றன. அந்தக் கரைப்பான் கலந்த குடிநீரைப் பயன்படுத்திய ஓர் அமெரிக்க ராணுவ முகாமில் பணியாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு கூடுதலாக இருந்ததை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்பா வயலிலும் மகன் உலோகப் பட்டறையிலும் உழைத்த குடும்பங்கள் நிறைந்த எந்த வட்டாரத்திலும், கைநடுக்கமும் நடை மாற்றமும் தொடங்கும்போதே கேட்டறிவது தொழில்நல மருத்துவத்தின் கடமை.

குரல் தாழ்வது எப்படி

கைநடுக்கம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. குரல் குறைவதைப் பலரும் தாமதமாகவே உணர்கிறார்கள். 1978இல் அமெரிக்காவில் 200 நோயாளிகளைச் சோதித்த லோகமனும் சக ஆய்வாளர்களும் 89 விழுக்காட்டினருக்குக் குரல் குறைபாடு இருப்பதைப் பதிவுசெய்தனர். ஒலி சன்னமாகிறது, ஏற்ற இறக்கம் மறைந்து ஒரே சுருதியில் பேச்சு ஓடுகிறது, வல்லின எழுத்துகள் குழைகின்றன, சிலருக்குச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரைந்து விழுகின்றன.

தசை பலவீனம் இதற்கு முழுக் காரணம் ஆகாது. ஓர் அசைவு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று அளவிடும் மூளைப் பகுதி எல்லாவற்றையும் குறைத்தே மதிப்பிடுகிறது. கையெழுத்து சிறுத்துப்போவதும், நடக்கும்போது கால் அடிகள் குறுகுவதும், குரல் தாழ்வதும் இந்த ஒரே காரணத்தின் விளைவுகள். இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நோயாளியின் காதுக்குத் தன் குரல் வழக்கம்போலவே கேட்கிறது. ‘நான் சரியாத்தான் பேசறேன், உனக்குத்தான் காது மந்தம்’ என்று கணவரும், ‘வாய்க்குள்ளயே பேசறார்’ என்று மனைவியும் சொல்லிக்கொள்ளும் வீடுகளில் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ‘சத்தமா பேசுங்க’ என்று கேட்டால் இரண்டு வாக்கியத்துக்குக் குரல் எழும்பும். மூன்றாவதில் மறுபடி அமிழ்ந்துவிடும்.

மூச்சை உள்ளிழுக்கவும் வெளித்தள்ளவும் உதவும் தசைகளின் அழுத்தமும் நாளடைவில் குறைகிறது. இருமலின் வலு குறைந்து, விழுங்குவதும் சிரமமாகும்போது, உணவுத் துணுக்கு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். இந்நோயாளிகளின் மரணத்துக்கு முன்னணிக் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே குரலையும் மூச்சையும் பேணுவது உயிரைப் பேணுவதன் ஒரு பகுதி. லெவோடோபா கை கால் அசைவுகளைச் சீராக்கும் அளவுக்குப் பேச்சைச் சீராக்குவதில்லை. மூளை ஆழ்தூண்டல் அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்குப் பேச்சு மேலும் குழறுவதும் உண்டு. பேச்சுக்குத் தனிப் பயிற்சி வேண்டியிருப்பது இதனால்தான்.

அத்தகைய பயிற்சிகளில் அதிகமாக ஆராயப்பட்டது, 1980களில் அமெரிக்காவில் லொரைன் ரேமிக்கும் சக சிகிச்சையாளர்களும் உருவாக்கிய எல்.எஸ்.வி.டி. முறை. லீ சில்வர்மேன் என்ற நோயாளியின் பெயரால் அது வழங்குகிறது. வாரம் 4 அமர்வுகளாக நான்கு வாரத்தில் 16 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், நோயாளியும் சிகிச்சையாளரும் மட்டும் அமர்ந்து செய்வது. ‘ஆ’ என்ற ஒலியை உரக்க, முடிந்தவரை நீட்டிச் சொல்வது அதன் மையப் பயிற்சி. பலன் தருவது என்று நிறுவப்பட்ட முறைதான். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், செலவு, நேரம், பயணம் என்று அது கேட்பவை அதிகம். பயிற்சி முடிந்தபின் வீட்டில் தனியாகத் தொடர்வோரும் குறைவு. சேர்ந்து பாடுதல் இந்த இடைவெளியில்தான் பொருந்துகிறது.

பாடும்போது நடப்பது

பேச்சைவிடப் பாட்டு உடலிடம் கூடுதலாகக் கேட்கிறது. ஒரு வரியை முடிக்க நீண்ட மூச்சு வேண்டும். நெடில்களை நிறுத்திப் பிடிக்க வேண்டும். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே சுருதி நகர வேண்டும். நோய் எவற்றைச் சுருக்குகிறதோ அவற்றையே பாட்டு விரிக்கிறது.

இரண்டாவது, தாளம். அசைவுகளுக்கு உள்ளிருந்து நேரம் குறித்துத் தரும் வேலையை மூளையின் அடித்தள முடிச்சுகள் செய்கின்றன. ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் ஆகியோரின் ஆய்வுகள், சீரான தாளத்தை உணரும்போது இப்பகுதி செயல்படுவதையும், பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாள வேறுபாட்டைப் பிரித்தறிவது கடினமாவதையும் காட்டின. உள்தாளம் தளர்ந்தவர்களுக்கு வெளியிலிருந்து வரும் தாளம் கைகொடுக்கிறது. மைக்கேல் தௌட்டின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாள ஒலிக்கு ஏற்ப நடந்து பழகிய நோயாளிகளின் நடைவேகம் 25 விழுக்காடு கூடியது. பேச்சு விரைந்து குழறுபவர்கள் தாளத்தோடு பாடும்போது சொற்கள் தத்தம் இடத்தில் நிற்பதும் இதே வழியில்தான்.

மூன்றாவது, பக்கத்துக் குரல். தன் குரலின் அளவைத் தன்னால் சரியாக மதிப்பிட முடியாதவருக்கு, இருபுறமும் எழும் குரல்கள் அளவுகோலாகின்றன. யாரும் ‘சத்தமா பாடுங்க’ என்று சொல்லாமலே குரல் எழும்புகிறது. தனியறையில் சிகிச்சையாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதைக் குழு தானாகவே செய்துவிடுகிறது.

நான்காவது, மகிழ்ச்சி. மனம் சிலிர்க்கும் இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதைக் கனடாவின் சலிம்பூர், ஸடோரே குழு 2011இல் ஸ்கேன் மூலம் காட்டியது. அந்தச் சோதனை நலமாக உள்ளவர்களிடம் செய்யப்பட்டது. அதை வைத்துப் பாட்டு டோபமைன் மருந்தாகிவிடும் என்று சொல்ல முடியாது. இந்நோயில் மனச்சோர்வும் ஆர்வமின்மையும் நடுக்கத்துக்கு இணையாக வாழ்க்கையைக் கெடுப்பவை. ஒருவரை வாராவாரம் வீட்டை விட்டுக் கிளம்ப வைக்கும் எதுவும் அந்த அளவில் சிகிச்சைதான்.

ஆய்வுகள் எவ்வளவு உறுதி

பேச்சுச் சிகிச்சையாளர் கேரன் ஹெஸ்லி 1994இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நோயாளிகளுக்கென்று தொடங்கிய ‘டிரெம்பிள் கிளெஃப்ஸ்’ குழு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பிரிட்டனில் கேன்டர்பரி கிறைஸ்ட் சர்ச் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் இதே வழியில் பாடற்குழுக்களை வளர்த்து, பிற நாடுகளிலும் சோதித்துப் பார்த்தது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஸ்டெகமெல்லர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 27 பேர் எட்டு வாரம் பாடினர். மூச்சை உள்ளிழுக்கும் அழுத்தமும் வெளித்தள்ளும் அழுத்தமும், ஒரே மூச்சில் ஒலியை நீட்டும் நேரமும் மேம்பட்டன. ஆஸ்திரேலியாவில் ஜெனட் டேம்ப்ளினின் குழு நடத்திய ‘பார்க்கின்சாங்’ ஆய்வு இதைவிடப் பெரியது. 75 நோயாளிகள் 12 மாதங்கள் அதில் பங்கேற்றனர். பாடாத ஒப்பீட்டுக் குழுவைவிடப் பாடியவர்களின் குரல் வலிமை, மூச்சை வெளித்தள்ளும் அழுத்தம், குரல் சார்ந்த வாழ்க்கைத் தரம் ஆகியவை மேம்பட்டிருந்தன. மாதம் ஒருமுறை பாடியவர்களைவிட வாரம் ஒருமுறை பாடியவர்களுக்குக் குரல் வலிமை கூடுதலாகக் கிட்டியது. இந்தக் கடைசி முடிவு அமைப்பாளர்களுக்கு மிக முக்கியமானது. விழாவுக்கு விழா கூடிப் பாடினால் போதாது. வாரந்தோறும் நடக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2012இல் பாஸ்டனில் வாரம் 90 நிமிடம் என 12 வாரம் நடத்திய ஒரு சிறு முன்னோட்ட ஆய்வில் குரலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. 2016இல் பார்னிஷும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 7 ஆய்வுகளில் 5 ஏதாவதொரு வகையில் பேச்சுக்குப் பலன் இருப்பதாகக் கூறின. அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். முடிவுகள் வேறுபடுவதற்குப் பயிற்சியின் தன்மையும் காரணமாக இருக்கலாம். பார்க்கின்சாங் அமர்வுகளில் பாடலுக்கு முன் கடும் முயற்சியுடன் கூடிய மூச்சு, குரல், பேச்சுப் பயிற்சிகள் இடம்பெற்றன. வெறுமனே கூடிப் பாடுவதற்கும், குரலுக்கு வேலை கொடுக்கும் விதத்தில் திட்டமிட்டுப் பாடுவதற்கும் வித்தியாசம் உண்டு. இன்றைய நிலையில் நியாயமாகச் சொல்லத்தக்கது இதுதான்: மூச்சுக்கும் குரல் வலிமைக்கும் நம்பத்தக்க பலன் உண்டு, நடுக்கத்துக்கோ நோயின் வேகத்துக்கோ அப்படிப்பட்ட சான்று இல்லை.

இந்தியாவிலும் தமிழகத்திலும் உள்ள அடித்தளம்

நரம்பியல் மருத்துவர் பி. எஸ். சிங்கால் 2001இல் மும்பையில் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் அசைவுக் கோளாறுகள் சங்கம், நோயாளிகளுக்கான ஆதரவுக் குழுக்களை நாட்டின் பல ஊர்களில் நடத்திவருகிறது. உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, யோகா, கலைகள் ஆகியவை ஒரே கூட்டத்தில் சேர்ந்து வருவது அதன் வழிமுறை. புணேயில் நடனக் கலைஞர் ஹிருஷிகேஷ் பவார் பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்றே நடன வகுப்புகள் நடத்தினார். தமிழகத்தை ஒட்டிப் புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தின் இசைச் சிகிச்சை மையம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே அத்துறைக்குப் பயிற்சி தருகிறது. சென்னை போரூரில் ராமச்சந்திரா நிறுவனத்தில் பேச்சு, செவிப்புலன் சிகிச்சைக்கெனத் தனித்துறை உண்டு.

பாடும் பக்கத்திலும் முன்னோடி இருக்கிறார். திரைப்பட இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, பாரதியார் பாடல்களைப் பல குரல் சேர்ந்திசையாக அமைத்தார். இசைப் பயிற்சியே இல்லாத பள்ளிப் பிள்ளைகளைப் பெருங்கூட்டமாக நிறுத்திப் பாடவைத்தவர் அவர். பாடத் தெரியாதவர் என்று எவரையும் ஒதுக்காத அந்த அணுகுமுறையே நோயாளிகள் குழுவுக்கும் ஏற்றது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. ஒரகடம் அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் அமைந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பு வரை ஏரிப்பாசனமே இவ்வூர்களின் வாழ்வு. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டைம்லர் லாரி ஆலையும் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. சிப்காட் பூங்காக்கள் பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் வரை விரிந்தன. வல்லம்–வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

ஆலைகளின் தொழிலாளர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பார்க்கின்சன் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் வருவது. அதனால் இந்த வட்டாரத்தில் நோயின் சுமை கம்பெனி வாசலுக்குள் தெரிவதில்லை. தொழிலாளர்களின் பெற்றோர் வசிக்கும் பழைய தெருக்களில் இருக்கிறது. மகனும் மருமகளும் வெவ்வேறு ஷிப்டில் இருக்க, பகல் முழுதும் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பேச ஆள் இல்லை; பேசாத குரல் இன்னும் விரைவில் தாழ்கிறது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சென்னை செல்ல வேண்டும். பஸ் படியில் கால் உறைந்து நின்றுவிடும் ஒருவருக்கு, பேச்சுப் பயிற்சிக்காக வாரம் நான்கு முறை அப்படிப் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. உள்ளூரிலேயே கூடும் குழுவின் தேவை இங்கே உண்மையானது.

அதற்கு வேண்டிய பாடும் வழக்கமும் இங்கே நிறைய உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நடக்கும் அவரது உற்சவம் ஊரின் பெருவிழா. வைணவக் கோயில் புறப்பாட்டில் திவ்வியப் பிரபந்தம் ஓதும் கோஷ்டி பெருமாளுக்கு முன்னே செல்லும். வயது முதிர்ந்தவர்களும் வரிசையில் ஒரே சீராக அடியெடுத்து, ஓதிக்கொண்டே நகர்வார்கள். நடைக்கும் குரலுக்கும் ஒரே காலப்பிரமாணம் அமையும் இம்முறை, நடைப் பயிற்சிக்குத் தாளத்தைப் பயன்படுத்தும் இன்றைய சிகிச்சைக்கு மிக நெருங்கியது. தொண்டைமண்டலத்து ஊர்களில் பஜனை கோயில் தெரு என்ற பெயரைப் பரவலாகக் காணலாம். மார்கழி விடியலில் அங்கிருந்து பஜனைக் குழு தெரு சுற்றி வரும். தேவாலயங்களில் கீர்த்தனை பாடும் கொயர், பள்ளிவாசல்களில் மவ்லிது ஓதுதல், கூத்து மேடையில் பின்பாட்டு, வயலில் நடவுப் பாட்டும் ஏற்றப்பாட்டும் என எல்லாவற்றிலும் ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் வாங்கிப் பாடும் அமைப்பு பொதுவாக உள்ளது. இன்று எழுபது வயதுள்ள ஒரு பெண்ணுக்கு நாற்று நடும்போது பாடியது உடம்பில் பதிந்த தாளம். அதைத் தட்டி எழுப்பினால் போதும்.

ஒரு கட்டுப்பாட்டை மறக்கக்கூடாது. கோஷ்டிக்கும் பஜனைக்கும் கொயருக்கும் சாதி, மத எல்லைகள் உண்டு. நோய்க்கு அந்த எல்லைகள் இல்லை. எனவே குழு கூடும் இடம் எல்லோரும் தயக்கமின்றி வரக்கூடிய சமுதாயக் கூடமாகவோ, ஆரம்ப சுகாதார நிலையமாகவோ, நூலகமாகவோ இருக்க வேண்டும். பாடல் பட்டியலில் பக்திப் பாடலோடு பாரதி பாடலும், ஐம்பது அறுபதுகளின் திரைப்பாடலும், வயல் பாட்டும் கலந்திருக்க வேண்டும். இளமையில் கேட்ட பாடல்களின் வரிகள் நினைவில் ஊறியிருப்பதால், நினைவுகூரும் சிரமம் குறைந்து முழு முயற்சியும் குரலுக்குக் கிடைக்கும்.

ஓர் அமர்வின் அமைப்பு

நேரத்தைத் தீர்மானிப்பது மாத்திரை. லெவோடோபா வேலை செய்யும் நேரத்தை நோயாளிகள் ‘ஆன்’ என்றும், அது தீர்ந்துபோகும் நேரத்தை ‘ஆஃப்’ என்றும் சொல்வார்கள். புரதம் மிகுந்த உணவு மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் பலரும் சாப்பாட்டுக்கு முன்பே மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். காலை பத்தரை மணிக்குத் தொடங்கும் அமர்வு பெரும்பாலோருக்கு ‘ஆன்’ நேரத்தில் அமையும். காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ் நெரிசலும் அதற்குள் ஓய்ந்திருக்கும். ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்க அவகாசம் கிடைக்கும்.

கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலிகளை அரைவட்டமாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். தரையில் உட்கார்ந்து எழுவது பலரால் முடியாது. உடன் வரும் மனைவியோ கணவரோ மருமகளோ ஓரமாக உட்காராமல் குழுவிலேயே கலந்து பாட வேண்டும். பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தாள் நடுங்காதபடி அட்டையில் ஒட்டித் தருவது நல்லது.

முதல் பத்து நிமிடம் நிமிர்ந்து உட்காருதல், தோளைச் சுழற்றுதல், வயிறு விரிய மூச்சிழுத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்ல விடுதல். அடுத்து அகார சாதகம். கர்நாடக இசை மாணவர்கள் விடியற்காலையில் செய்யும் இந்தப் பயிற்சியும் எல்.எஸ்.வி.டி. முறையின் மையப் பயிற்சியும் ஏறக்குறைய ஒன்றே: சுருதியோடு சேர்ந்து ‘ஆ’ என்று வாய் திறந்து, உரக்க, மூச்சு உள்ளவரை நிறுத்துவது. பிறகு அதே ஒலியைக் கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே ஏற்றி இறக்குவது. அடுத்தது வல்லினப் பயிற்சி. அக்கா, அத்தை, அப்பா, பட்டம், பச்சை போன்ற சொற்களில் இரட்டிக்கும் மெய்களுக்கு நாக்கோ உதடோ முழுதாக அடைத்துத் திறக்க வேண்டும். நோயில் முதலில் குழைவது இந்த அடைப்புதான்.

இதன்பின் தாளம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தொடையில் போடச் சொல்லலாம். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. விரல்களை ஒவ்வொன்றாக இயக்குவதும் மணிக்கட்டைத் திருப்புவதும் இந்நோயில் மந்தப்படும் அசைவுகள். தொடர்ந்து செய்யும்போது அசைவு சிறுத்துக்கொண்டே வருவது நோயின் இயல்பு. குழு முழுதும் ஒரே வீச்சில் போடும்போது அந்தச் சுருக்கம் தள்ளிப்போகிறது. காலம் விளம்பமாகவே இருக்கட்டும்.

அடுத்த அரை மணி நேரம் பாடல்கள். எடுத்துக்கொடுத்து வாங்கிப் பாடும் பஜனை முறை இங்கே மிகப் பொருத்தம். தலைவர் பாடும்போது குழுவுக்கு மூச்சு வாங்க இடைவெளி கிடைக்கிறது. எந்த அளவு குரலில் பாட வேண்டும் என்ற மாதிரியும் காதில் விழுந்துவிடுகிறது. பாடலின் உச்ச ஸ்வரம் யாருடைய தொண்டையையும் இறுக்காதபடி சுருதிப் பெட்டியில் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாடலுக்காவது, முடிந்தவர்கள் எழுந்து பாடிக்கொண்டே கூடத்தைச் சுற்றி நடக்கலாம். கடைசியில் தேநீரும் பேச்சும். அது உபசாரத்துக்காக வைப்பது அன்று. பாடி எழும்பிய குரலைப் பேச்சுக்குக் கொண்டுவரும் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. ஒவ்வொருவரும் அந்த வாரச் செய்தி ஒன்றை எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

எச்சரிக்கைகளும் பொறுப்புகளும்

சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது இந்நோயில் சகஜம். நின்று பாடும்போது பிடித்துக்கொள்ள நாற்காலி முதுகு அருகில் இருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர் தேநீரை நிமிர்ந்து உட்கார்ந்து சிறுசிறு மிடறாகக் குடிக்க வேண்டும். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது குரல்நாண்களைப் புண்ணாக்கும். முயற்சி வயிற்றிலிருந்து வர வேண்டும். பாடிய பின் குரல் கட்டுவது தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாட்டு நன்றாக வருகிறது என்று மாத்திரையைக் குறைப்பதும், பூனைக்காலிப் பொடியைத் தானாக வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து. அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான் என்பதால் மருந்தின் அளவு கணக்கில்லாமல் கூடிவிடும்.

நடத்துபவருக்குப் பெரிய வித்வத்துவம் தேவையில்லை. சுருதி சுத்தமும், மெல்லிய குரல்களை ஊக்கப்படுத்தும் பொறுமையும் வேண்டும். பள்ளி இசை ஆசிரியரோ, பஜனைக் குழுத் தலைவரோ, கொயர் நடத்துநரோ இதை ஏற்கலாம். தொடக்கத்தில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் ஒவ்வொருவரின் குரலையும் விழுங்குதலையும் சோதித்துத் தருவதும், மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதும் அவசியம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். கைநடுக்கமும் குரல் தாழ்வும் உள்ளவர்களைக் கண்டறிந்து குழுவுக்கு அனுப்ப அவர்களே தகுந்தவர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. காப்பீடு, அவரைச் சார்ந்துள்ள பெற்றோரின் மருத்துவத்துக்கும் பொருந்தும். நரம்பியல் மருத்துவரின் ஆலோசனையும் மாத்திரையும் அந்த வழியில் கிடைக்கும் என்பதைத் தொழிலாளர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்கு நிதி ஒதுக்கும் ஆலைகள், கூடத்துக்கும் வாகனத்துக்கும் சிகிச்சையாளர் ஊதியத்துக்கும் பொறுப்பேற்கலாம். ஒரு குழுவுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

பலனை அளப்பதும் எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து 30 செ.மீ. தொலைவில் செல்பேசியை வைத்து ஒரே பத்தியை வாசிக்கச் சொல்லி ஒலியளவைக் குறித்துக்கொள்ளலாம். ‘ஆ’வை எத்தனை வினாடி நிறுத்த முடிகிறது என்பதையும், போன வாரம் எத்தனை முறை ‘என்ன சொன்னீங்க?’ என்று கேட்க நேர்ந்தது என்று வீட்டார் சொல்வதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். நோய் வளரும் இயல்புடையது. ஆகையால் ஓராண்டுக்குப் பின் இந்த எண்கள் ஏறாமல் அப்படியே நின்றாலும் அது வெற்றிதான். அவை இறங்கினால் பயிற்சியின் அளவைக் கூட்டுவதா, தனிச் சிகிச்சைக்கு அனுப்புவதா என்று சிகிச்சையாளர் முடிவு செய்யலாம். இப்படிப் பதிவுகளோடு நடக்கும் குழு தன் உறுப்பினர்களுக்கு உதவுவதோடு, தமிழ் பேசும் நோயாளிகளுக்குச் சேர்ந்து பாடுவது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கும் சான்று சேர்த்துத் தரும்.